சூட்டுப் பால்

அக்கா,

இன்று காலை மருமகள் ஒரு சின்னப் புட்டியைத் திறந்தாள். வேப்பெண்ணெய். பேரனுக்குப் பால் மறக்கடிக்க மார்பில் தடவப் போகிறாளாம். அந்த வாடை வந்ததுமே தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். "சாப்பிட்டுப் போங்க மாமா, என்னாச்சு?" என்றாள். உன்னிடமே சொல்லாததை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

எழுபதுகளின் தொடக்கம். பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு நான் புதிதாக வந்த டிரெஸ்ஸர். கட்டுப் போடுவதும் மாத்திரை கொடுப்பதும்தான் என் வேலை. ஆனால் தோட்டத்து ஜனங்களுக்கு நான்தான் டாக்டர், அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. நீ பால்மரம் சீவப் போவாய். உன் மகள் வசந்திக்கு ஆறு மாதம் ஆனதும், எல்லாரையும் போல நீயும் அவளைப் பிள்ளைக் கொட்டகையில் விட்டு டின் பாலுக்குப் பழக்கினாய். ஒரு மாதம் போகவில்லை, வாயைச் சுற்றிப் புண் வந்தது. பிறகு விரல்களில், பிட்டத்தில். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, பேதி நிற்கவே இல்லை. நான் ஊதா மருந்தைப் பூசிப் பூசி அவள் முகமே ஊதாவாகிவிட்டது.

நீ மட்டும் ஒன்றைக் கண்டுபிடித்தாய். மரம் சீவி முடித்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் நிறையக் காத்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் பசியாறுவார்கள். நீ பசியாறாமல் கொட்டகைக்கு ஓடி வந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாய். இரண்டு வாரத்தில் புண் காய்ந்தது. தலையில் பூனைமுடி எழும்பியது.

"தம்பி, எம் பாலு குடிச்சா புண்ணு ஆறுதுடா. வந்துதான் பாரேன்."

வந்து பார்த்தேனா? இல்லை. அவளுக்கு மறுபடி வயிற்றால் போனதும் கொட்டகை வாசலில், நாலு பெண்கள் பார்க்க, உன்னிடம் கத்தினேன். "வெயில்ல ஓடியாந்து சூட்டுப் பால் குடுக்குற, அதான் பேதி. பிள்ளைய நீயே கொல்லப் போற!" நம் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் சொல்லும் அதே கதையைத்தான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நானும் சொன்னேன். சாயங்காலம் வேப்பெண்ணெய்ப் புட்டியை நானே கொண்டுவந்து உன் கையில் கொடுத்தேன். "நீ படிச்சவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வாங்கிக்கொண்டாய்.

அதன்பிறகு வசந்தி ஆறு வாரம்தான் இருந்தாள். டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தும் தேறவில்லை. கடைசி நாள்களில் அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

எண்பதுகளில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. டாக்டர் ஒரு படம் காட்டினார். வாயைச் சுற்றிப் புண், முடி உதிர்ந்த தலை. வசந்திதான் என்று நினைத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். சில பிள்ளைகளின் குடல் துத்தநாகத்தைச் சரியாக உறிஞ்சாதாம். நம் லயத்துக் கூரைத் தகரத்தில் பூசியிருக்குமே, அதே உலோகம். உடம்புக்கு வேண்டியது துளிதான். அது குறைந்தால் உயிரணுக்கள் பிளந்து பெருகுவதில்லை. தோல், குடல், முடி என்று ஓயாமல் புதிதாக வளர வேண்டியவைதான் முதலில் கெடும். பூச்சு போன தகரத்தில் துரு ஏறுவதுபோல, ஆக்சிஜனும் உயிரணுக்களை அரிக்கத் தொடங்கும். டின்னில் வரும் மாட்டுப்பாலில் இருப்பதை அந்தக் குடல் வாங்காது, தாய்ப்பாலில் இருப்பதை ஓரளவு வாங்கிக்கொள்ளும். அதனால்தான் பால் மறந்த பிறகு நோய் தெரிகிறது. துத்தநாக உப்பைத் தினமும் கரைத்துக் கொடுத்தால் பிள்ளை பிழைத்துவிடும் என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே உன் வீட்டுக்குத்தான் வந்தேன். நீ பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாய். "ஓடியாந்த சூட்டோட பால் குடுக்காதம்மா. நான் அப்படித்தான் எம் பிள்ளைய வாரிக் குடுத்தேன்."

உண்மையைச் சொன்னால் பழி என் தலையில் அல்லவா விழும்! நீ ஆற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதன்பிறகு எத்தனை தீபாவளிக்கு உன் வீட்டில் சாப்பிட்டிருப்பேன்! ஒவ்வொரு முறையும் அடுத்த முறை சொல்லலாம் என்றே திரும்பினேன். கோழைப் பயல் நான். உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்றுகூட அந்தப் பழி உன்னோடுதான் போனது.

இப்போது யாருக்காகச் சொல்கிறேன் என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உன் பால் சூட்டுப் பால் இல்லை அக்கா. அவளுக்கு இருந்த ஒரே மருந்து அதுதான். அதை நிறுத்தியவன் நான்.