நான்கு மடங்கு தூரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். பஸ் ஓட்டி ஓட்டி வந்த இடுப்புவலி இப்போது எப்படி இருக்கிறது? அம்மா தன் முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறாளா, இல்லை பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளா?

நான் நலம். முழங்கையில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான். கல்லூரிக்குச் சைக்கிளில் சரிவில் இறங்கும்போது, எனக்குப் பிடித்த சூத்திரத்தை மனத்துக்குள் நிறுவிக்கொண்டே வந்தேன். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகுமே, அதேதான். பள்ளி நாட்களில் உங்கள் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைச் சொன்னால், "அதெல்லாம் சரிம்மா, முன்னாடி போறவன் இதைப் படிச்சிருக்கானா?" என்பீர்கள்.

நிறுவி முடித்துவிட்டேன். பிரேக் பிடிக்கத்தான் மறந்துவிட்டேன். வேலியிலிருந்து என்னைத் தூக்கிவிட்ட அறைத்தோழி, "கணக்காவது சரியா வந்துச்சா?" என்று கேட்டாள். வந்தது அப்பா.

முதல் இயற்பியல் தேர்வில் சூத்திரங்களை மனப்பாடமாக எழுதினேன். அவை எப்படி வந்தன என்று காட்டாததால் தேறவில்லை. "சுலபமான பாடத்துக்கு மாறிக்கோயேம்மா" என்றார் பேராசிரியர். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது ஒவ்வொன்றையும் முதல் வரியிலிருந்து நானே நிறுவுகிறேன். அடுத்த மாதம் மறுதேர்வு. தேறாமல் விடமாட்டேன்.

தேர்வுக்கூடம் ரொம்பக் குளிரும். உங்கள் பழைய யூனிஃபார்ம் சட்டை ஒன்றை அனுப்புங்கள், ஸ்வெட்டருக்கு மேல் போட்டுக்கொள்கிறேன்.

லேப் திறந்துவிட்டார்கள், ஓட வேண்டும். அம்மா பழக்கத்தில் சட்டையைத் துவைத்துவிடப் போகிறாள். துவைக்காமலே அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்