பத்தியக்காரி

மார்ச் 3, செவ்வாய்

படகிலிருந்து இறங்கியவர்கள்: நான், இவர், மகள், மாப்பிள்ளை. எதிர்கொண்டவர்கள்: விடுதிக்காரர், அங்கே சமைக்கிற அம்மா, பெட்டி தூக்க ஓர் ஆள். அவ்வளவுதான். தீவிலேயே வேறு யாரும் இல்லையோ என்னும்படி அமைதி. ஒரே தெரு, அதுவும் மணல். கார் சத்தம் கிடையாது.

தென்னைகளைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. தேங்காய் இருக்கிற இடத்தில் நான் பட்டினி கிடக்க மாட்டேன். மீனும் கறியும் எனக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது. பால், தயிர், வெண்ணெய், தேன் தொடுவதில்லை என்று சாமி முன்னால் வாக்குக் கொடுத்து இரண்டு வருஷம். பின்வீட்டுக்காரர் கன்றைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டி, அது ராப்பகலாகக் கத்தியதைக் கேட்டபின் டம்ளரில் பாலைப் பார்க்க முடியவில்லை.

இவரே சமையலறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "எல்லாம் சொல்லிட்டேன். நீ வாயே திறக்க வேண்டாம்." பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 4, புதன்

காலையில் எனக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் தேங்காய்ப்பால் கஞ்சி. அப்படி ஒரு ருசி. கேட்டு வாங்கி இன்னொரு கிண்ணம் சாப்பிட்டேன். மாப்பிள்ளை, "பார்த்து அத்தை, இந்தத் தீவு ஆடெல்லாம் சாப்பாட்டுக்குப் போட்டி வந்துடுச்சுன்னு ஊர்வலம் போயிடப் போகுது" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ஆனால் ஒன்று புரியவில்லை. விடுதிக்காரர் எனக்கு மட்டும் மெத்தை போட்ட நாற்காலி கொண்டுவந்து போடுகிறார். மணல்திட்டுக்குப் போகப் படகில் ஏறப் போனால், படகுக்காரர் "அம்மாவுக்கு அலைச்சல் வேண்டாமே" என்று கையைக் காட்டிவிட்டார். இவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று பேரும் போய்விட்டார்கள். ஏன், நான் அவ்வளவு கிழவியாகவா தெரிகிறேன்? கரையில் உட்கார்ந்து நண்டுகளைப் பார்த்தேன். வரவு செலவு எழுதவும் இங்கே ஒன்றும் இல்லை. கை பரபரக்கிறது.

மார்ச் 5, வியாழன்

இன்றைக்கும் அதே மெத்தை நாற்காலி. உதைத்துத் தள்ளலாம் போலிருந்தது. கஞ்சி மட்டும் தேவாமிர்தம்.

மார்ச் 6, வெள்ளி

எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

கஞ்சிப் பக்குவம் கேட்கலாமென்று சமையலறைக்குப் போனேன். அந்த அம்மா என் கிண்ணத்தில் ஒரு கரண்டி வெண்ணெயைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான் அக்கா. முகத்துல இப்பத்தான் கொஞ்சம் தெளிவு வந்திருக்கு. பத்தியக்காரிக்கு வெறுங்கஞ்சி குடுத்தா உடம்புல எப்படித் தெம்பு ஏறும்?"

"யாருக்குப் பத்தியம்?"

"வயித்துல புண்ணு, டாக்டர் பத்தியம் சொல்லியிருக்காரு, பால் மீன் எதுவும் ஆகாதுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே. புண்ணுக்கு வெண்ணெய் நல்லதுன்னு நானாத்தான் போட்டேன். முந்தாநாள் அவரும் நின்னு பார்த்தாரு. ஒண்ணும் சொல்லலையே."

அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். புண்ணும் இல்லை, டாக்டரும் இல்லை, சாமிக்குக் கொடுத்த வாக்கு என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதை முதல்லயே சொல்லியிருந்தா சட்டியையே மாத்தியிருப்பேனே அக்கா. நோவுன்னா கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா பரவாயில்லைன்னு இருப்போம். வாக்குன்னா அப்படி முடியுமா?"

விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நானே கேட்டு வாங்கித் தின்றேனே. தின்றுவிட்டு, நல்ல சாப்பாடு கொடுத்தாய் என்று சாமிக்கு நன்றி வேறு சொன்னேனே.

இவரிடம் போய் நின்றேன்.

"தெரியாம சாப்பிட்டா தோஷமில்லை" என்றார்.

"தெரிஞ்சு பார்த்துட்டு நின்னவருக்கு?"

"வேற என்னன்னு சொல்லச் சொல்றே? என் பொண்டாட்டி ஒரு கன்னுக்குட்டிக்காகப் பால் குடிக்க மாட்டாள்னா? சிரிக்க மாட்டாங்களா?"

"ஒருத்தரும் சிரிக்கலை. அந்தம்மா சட்டியைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கா."

மகள் இடையில் வந்தாள். "விடும்மா, வந்த இடத்துல. அப்பா பாவம்." அப்பா பாவம். நான் யாரு? இவரு சொன்ன ஒரு பொய்யைக் காப்பாத்த என் வயித்துல வெண்ணெய் போறதை வேடிக்கை பார்த்திருக்காரு. பொண்டாட்டியை நோயாளின்னு சொல்ல வாய் வருது. பக்தின்னு சொல்ல வாய் கூசுதா? என் வாக்கு இவருக்கு அவ்வளவு அசிங்கமா?

மார்ச் 7, சனி

அந்த அம்மா யார் வீட்டிலிருந்தோ புதுச் சட்டி வாங்கிவந்து என் எதிரிலேயே கஞ்சி வைத்தாள். ருசி பாதிகூட இல்லை. வழித்துச் சாப்பிட்டேன்.

படகுத் துறைக்கு நானே போனேன். "எனக்கு ஒரு நோயும் இல்லை. மணல்திட்டுக்குக் கூட்டிப் போங்க." படகுக்காரர் தலையைச் சொறிந்தார். "அட, இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா? ஏறுங்க."

நடுக்கடலில் வெள்ளையாக ஒரு பிடி மணல். சுற்றிலும் பச்சைத் தண்ணீர். வெறுங்காலோடு நின்று எனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் சத்தமாகப் பாடினேன். மனசு நிறைந்துதான் போனது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. இதையும் அல்லவா என்னிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தார்.

மார்ச் 9, திங்கள்

வீடு. இரண்டு வருஷமாக நான் வாயில் வைக்காத பாலை இவர் காபிக்காக நான்தான் காய்ச்சினேன். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. இன்றைக்குக் காய்ச்சவில்லை. இவரே வைத்தார், பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்தார். நான் பூஜை அறையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

இவருடைய பழைய மேனேஜரின் மனைவி கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பாடாம். போனை நான்தான் எடுத்தேன்.

"வயித்து வலி இப்ப எப்படி இருக்கு? ரெண்டு வருஷமா அவஸ்தைப்படறீங்களாமே. பாவம்."

ரெண்டு வருஷமா.

அப்படியானால் தீவில் மட்டும் இல்லை. போன இடமெல்லாம் நான் நோயாளி. கல்யாண வீடுகளில் என் தோளைத் தட்டிவிட்டுப் போனவர்களெல்லாம் இப்போது ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

"அவர்கிட்டயே கேளுங்க" என்று போனை இவர் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றேன். இவர் என்னைப் பார்த்தார். "அவளுக்கு... அது வந்து..." அப்புறம், "நான் திரும்பக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். பத்தியம் என்று சொல்லவில்லை. வாக்கு என்றும் சொல்லவில்லை. காபியை அவரே போட்டுக் குடித்துவிட்டு, டம்ளரையும் கழுவி வைத்தார்.

நானே சொல்லிவிடலாம், எனக்கும் வாய் இருக்கிறது. ஆனால் நோயாளி என்று சொன்ன வாய்தான் இதையும் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்தைத் திறந்து, உங்கள் மூக்குக் கண்ணாடியை மேலே வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் என்னைப் பற்றி என்ன சொல்லப் போகிறீர்கள்? மேனேஜர் வீட்டம்மா சமையலுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். தயவுசெய்து நாளைக்குள் பதில் சொல்லுங்கள்.