மத்தியானம் தூங்கும் ஊற்று

தேவமாதா துணை

டயகம
20.03.1982

அன்பு மகன் றோலண்டுக்கு,

டோஹா வெயிலிலும் உடம்புக்கு ஒன்றும் வராமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்று உன் கடிதத்தில் கண்டு மனம் ஆறினேன். இங்கே ஆண்டவர் தயவில் எங்களுக்கும் குறையில்லை, அம்மாவின் கண்ணைத் தவிர. வலது கண்ணில் புரை முற்றி இப்போது நிழல்தான் தெரிகிறது, இடது கண்ணும் மங்கி வருகிறது. கண்டி ஆஸ்பத்திரியில் வருகிற வியாழக்கிழமை ஒப்பரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த நாள் எப்போது கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. இப்படியிருக்க, படித்த பிள்ளை நீ, அம்மாவை அந்தப் புது ஊற்றுக்கு ஒருதரம் கூட்டிப் போங்கள், எனக்கும் ஒரு போத்தல் தண்ணீர் அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாய். அன்று தொடக்கம் அவள் ஆஸ்பத்திரி வேண்டாம், மூன்று வெள்ளிக்கிழமை அந்தத் தண்ணீரில் கண் கழுவினால் போதும் என்று பிடிவாதமாக நின்றாள். உன்னைக் கோபிக்கவில்லை. ஆனால் அது என்ன ஊற்று என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மேல்மலைத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து லயங்களுக்கு வரும் பழைய இரும்புக் குழாய், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்காகப் போட்டது, தேயிலைக்கு அடியால் ஓடுவது உனக்குத் தெரியும். தை மாதம் அந்த வழியில் ஒரு பாறை ஓரமாகத் தண்ணீர் கொப்பளித்தது. அதே வாரம் லயத்துச் சனங்கள் குடம் வைக்கும் பீலியில் தண்ணீர் நூல்போல இளைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இத்தனை குடும்பத்தில் ஒரு தலைக்கும் தோன்றவில்லை. கொழுந்தெடுக்கப் போன அழகம்மா அதில் கால் கழுவினாளாம், சேற்றுப்புண் ஆறிவிட்டதாம். இந்த வெயிலில் யாருக்குத்தான் சேற்றுப்புண் ஆறாது? மறுநாளே பூசாரி வீரய்யா அங்கே சூலம் நட்டு அம்மன் என்றார். நம்முடைய ஆட்கள் சும்மா இருப்பார்களா, பக்கத்தில் சிலுவை நட்டு மாதாவின் கண்ணீர் என்றார்கள். இந்தியாவிலிருந்து நடந்து வந்தபோது தாகத்தில் செத்த ஒரு பெண்தான் ஊற்றாக வந்திருக்கிறாள் என்று ஒரு கதை, துரையின் குதிரை மிதித்த இடம் என்று இன்னொரு கதை. தண்ணீருக்கு வயது இரண்டு மாதம், கதைக்கு நூறு வருஷம். இதில் பெரிய வேடிக்கை, தாங்கியைப் பார்க்கும் செல்லசாமி மத்தியானத்தில் வால்வை மூடுவார், ஞாயிறு முழுக்க மூடியே வைப்பார். ஊற்றும் அந்த நேரங்களில் நின்றுவிடும். அதற்கு வீரய்யா, "அம்மா சாப்பிட்டுட்டுக் கண்ணசருறா, ஞாயித்துக்கிழமைன்னா அக்கா வீட்டுக்குப் போயிடுவா" என்கிறார். நம்மவர்களோ, அது கர்த்தரின் ஓய்வு நாள் என்கிறார்கள். எது பெரிய மடமை என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. தங்கள் பீலித் தண்ணீரையே தேங்காய் கற்பூரத்தோடு மலை ஏறிப்போய்க் கும்பிட்டுப் போத்தலில் கொண்டுவருகிறார்கள். தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா குழாயைத் தோண்ட ஆள் அனுப்பியபோது பெண்கள், "அம்மா தலையிலயா கடப்பாரையப் போடுவீங்க?" என்று மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் சொல்வது தவறாக இருக்குமோ என்று பயந்து, வேறு வேறு நாட்களில் போய் நின்று பார்த்தேன், செல்லசாமியையும் விசாரித்தேன். தவறில்லை.

வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஆகவே ஒரு ஏற்பாடு செய்தேன். நேற்று வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவை அங்கே கூட்டிப் போவது, அந்த நேரம் பார்த்து வால்வை மூடச் செய்வது, தண்ணீர் நின்றதும் எல்லோருக்கும் முன்னால் விளக்குவது. செல்லசாமி, "எனக்கென்ன மாஸ்டர், மூடச் சொன்னா மூடுறேன். அம்மா கோவிச்சா உங்க பேரத்தான் சொல்லுவேன்" என்றார். பேச வேண்டியதை வரி வரியாக மனதில் அடுக்கிக்கொண்டு போனேன். அந்தக் குட்டையை நீ பார்க்க வேண்டும், மஞ்சளும் குங்குமமும் மெழுகும் ஊர்ப்பட்ட கால் அழுக்கும். அதில்தான் கண் கழுவுகிறார்கள். வீரய்யா என்னைக் கண்டதும், "சப்பாத்தக் கழட்டுங்க மாஸ்டர், படிச்சவங்க காலும் காலுதானே" என்றார், கூட்டம் சிரித்தது. கழற்றினேன். அம்மா குனிந்து இரண்டு கையையும் ஏந்தினாள். தண்ணீர் மெலிந்தது, சொட்டியது, நின்றுவிட்டது. வீரய்யா என்னைப் பார்த்தபடி, "நம்பிக்கையில்லாத ஆளு ஏதோ வந்து நிக்கிது" என்றார். அடுக்கி வைத்ததில் ஒரு சொல்கூட என் வாயில் வரவில்லை. அம்மாதான் நிமிர்ந்து, "அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. மாதா எனக்குத்தான் மூடிட்டா. இங்க ஏன் நிக்கிற, கண்டிக்குப் போன்னு சொல்லுறா" என்றாள். உடனே வீரய்யா, "ஆமா, அம்மா வாக்கும் அதான்" என்று, தானே சொன்னதுபோல் விபூதியை அள்ளி அவள் நெற்றியில் பூசினார். அவளும் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

நேற்றே பெட்டியைக் கட்டிவிட்டாள். டாக்டர் சொல்லி, பங்குச் சுவாமி சொல்லி, நான் இத்தனை வருஷம் படிப்பித்த வாயால் சொல்லிக் கேட்காதவள், ஒரு ஓட்டைக் குழாய் சொல்லிக் கேட்கிறாள். புதன்கிழமை முதல் பஸ்ஸில் புறப்படுகிறோம். ஊற்றுதான் மாஸ்டர் வீட்டம்மாவைக் கண்டிக்கு அனுப்பியிருக்கிறது என்று லயமெல்லாம் ஒரே பேச்சு. பார்வை வந்தால் அதுவும் இவர்கள் கணக்கில் ஒரு அற்புதம், பிறகு அந்தக் குழாயை எவனும் தொட முடியாது. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பெயரை அதுவே எடுத்துக்கொள்ளட்டும், அவளுக்குக் கண் வந்தால் போதும்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள். வியாழன் காலையில் அம்மாவுக்காக ஒரு செபமாலை சொல். தேவமாதா உன்னைக் கைவிடாமல் காப்பாளாக. ஒன்றை மட்டும் மறக்காதே. உன் பதில் வந்து சேர்வதற்குள் அம்மாவின் கண்கட்டை அவிழ்த்திருப்பார்கள், கடிதத்தை அவளே வாசிப்பாள் என்று நம்பியிருக்கிறேன். ஆகவே வால்வைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதாதே.

உன் அன்பு அப்பா,
சூ. மரியரட்ணம்