தண்ணீர் கேட்டுப் போன வீடு

அப்பாவுக்கு,

நேரில் சொல்லப் போனால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

கடன் கட்ட முடியாதவர்களின் வீட்டை வங்கி ஏலத்தில் வாங்கி விற்பதற்கு முதலீடு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஆனால் உள்ளே ஆள் குடியிருக்கும்போது போய்ப் பார்க்க உங்களுக்குத் தைரியம் கிடையாது. தெருமுனையில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு என்னை அனுப்புவீர்கள்.

"தண்ணி கேளு. அப்படியே சுவரு, கூரையெல்லாம் ஒரு நோட்டம் விட்டுட்டு வா. உன் மூஞ்சியப் பாத்தா யாருக்கும் சந்தேகம் வராது."

என் படிப்பை நிறுத்தியதே இதற்குத்தான் போலிருக்கிறது.

போன வாரம் அந்த மாடி வீட்டு அக்கா தண்ணீர் மட்டும் தரவில்லை. "வெயில்ல வந்திருக்கே, உக்காரும்மா" என்று மேஜை விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். "இந்த ஏலம் மட்டும் தள்ளிப்போச்சுன்னா, என் தம்பி பணம் அனுப்பி வீட்ட மீட்டுருவான்" என்றார்.

கூரை ஒழுகுகிறது, சுவரெல்லாம் விரிசல் என்று உங்களிடம் சொன்னேன். "தப்பிச்சோம்டா சாமி" என்று உங்கள் கூட்டாளிகளையும் தடுத்துவிட்டீர்கள். ஏலம் கேட்க ஒருவரும் வராமல் தள்ளிப்போனது.

அந்த வீட்டில் ஒரு கீறல்கூட இல்லை அப்பா. வீடு பார்ப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்று நேற்றுகூட அம்மாவிடம் பீற்றிக்கொண்டீர்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த வீட்டுக்கு நீங்களே காரைவிட்டு இறங்கிப் போங்கள். உங்கள் மூஞ்சிக்கு யார் தண்ணீர் தருகிறார்கள் என்று பார்ப்போம்.

நீங்கள் வைத்த பெயரோடு,
ஊமைக்கோட்டான்