பிடரி வலி யாருக்கு?

ஸ்பிரிங்வெளி,
பதுளை.

அன்பு மகள் சுதர்ஷினிக்கு,

அப்பாவும் நானும் இங்கே சுகம். அங்கே நீயும் சுகம் என்று நானே எழுதிக்கொள்ளப் போவதில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும். என் தலைவலிக்கென்று நீ அனுப்பிய ஜப்பான் மூலிகைப் பொடி வந்து மூன்று கிழமையாகிறது, பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே, போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். ஒரு பைக்கட்டை மட்டும் டவுனுக்குக் கொண்டுபோய் மருந்துச் சாமான் கடை இப்றாஹீம் நானாவிடம் காட்டினேன், மோந்து பார்த்துவிட்டு, கறுவா, இஞ்சி, அதிமதுரம், எல்லாம் நம்ம கடை மேசை லாச்சியில கெடக்கிறதுதான் டீச்சர், அவன் அழகா பைக்கட்டுல போட்டிருக்கான் என்று சிரித்தார். நல்ல மருந்துதானாம். ஆனாலும் நான் குடிக்கவில்லை, இப்போதைக்குக் குடிக்கவும் மாட்டேன்.

ஏன் தெரியுமா, நீ உள்ளே வைத்த துண்டுக் காகிதம்தான். சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கணும், முதலில் ஒரு மடக்குச் சுடுதண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு பொடியைக் கொட்டணும், இல்லாவிட்டால் பல்லில் ஒட்டும், மூன்றாம் நாள் கசப்புப் பழகிவிடும், பிடரி வலி சட்டென்று விடும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வலிப்பது நெற்றியில் ஒற்றைப் பக்கம். பிடரி யாருக்கடி வலிக்கிறது? பல்லில் ஒட்டும் என்று கடைக்காரனா சொன்னான்? நீ வேலை செய்யும் அந்த முதியோர் இல்லத்தில் எத்தனை நைட் ஷிப்ட் தொடர்ந்து செய்கிறாய்? கேட்காதே, பிள்ளை சங்கடப்படும், மூன்று வருச ஒப்பந்தம், ஜப்பானுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் ஏசுவான் என்கிறார் அப்பா. ஏசட்டும். பத்தொன்பது வயதில் நீ வயிற்றில் இருந்தபோது படிப்பை நிறுத்து என்று தோட்டத்து லயமே சொன்னது, உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஆசிரியர் கலாசாலைப் பரீட்சைக்குப் படித்தவள் நான், ஏஜென்சிக்கா பயப்படுவேன்? லயத்தில் அடுத்த காம்பராவில் இருக்கும் ரெங்கம்மா அக்கா, கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்தி உச்சி வலிக்க வலிக்கத்தான் மலைக்குப் போகிறாள், கேட்டால் வேலைக்குப் போறவளுக்கு வலிக்காதா, பழகிப்போச்சு என்கிறாள். கசப்புக்குப் பழகு, வலிக்குப் பழகாதே. அதற்காக உன்னைப் படிக்கவைத்து அனுப்பவில்லை.

லீவு கேள், தரமாட்டோம் என்றால் திரும்பவும் கேள். அங்கே டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னதை உன் கையால் எழுதி அனுப்பு. அதுவரை உன் மருந்துப் பெட்டி சாமிப் படத்துக்குக் கீழேதான் இருக்கும், என் தலை வலித்தால் வலிக்கட்டும்.

கதிர்காமக் கந்தன் உனக்குக் காவல் இருப்பான். காலைச் சாப்பாட்டை விடாதே, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ.

உன் பதிலுக்குப் பிறகே மருந்து குடிக்கப்போகும்
அம்மா,
ஜீவராணி