வெங்காயம் நறுக்கும் பாய்

சுங்கை லிமாவ்,
3 மே 1999

என் ஊசுக் குட்டிக்கு,

அக்காவின் சலாம். நீயும் உன் புருஷன் லெமானும் சுகம்தானே? என் மகள் சுரயாவின் கல்யாணம் ஜூன் பன்னிரண்டுக்கு முடிவாகிவிட்டது. ஒரு வாரம் முன்னாடியே வந்துவிடு. முட்டையோடு விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற காகிதப் பூ வேலை முழுக்க உனக்குத்தான். உள் அறையில் மின்விசிறி வைக்கிறேன், தொந்தரவில்லாமல் உட்காரலாம். உன் நேர்த்தி இங்கே யாருக்கும் வராது. தோல் எப்படி இருக்கிறது? மருந்தை விடாமல் தடவு. இத்தனை நாளாக ஒரு வரி எழுதவில்லை நீ. கடைக்குட்டி என்றால் அக்காவை மறந்துவிடலாமா?

உன் அக்கா,
ரொக்கியா

மூவார்,
14 மே 1999

அன்புள்ள அக்கா,

மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வேலை இழுத்துக்கொண்டது. என்னைப் போலத் தோல் செதில் செதிலாக உரிகிறவர்களிடம், இந்த நோயோடு நாட்கள் எப்படிப் போகின்றன என்று கேட்க வெள்ளைக்காரர்கள் எழுதிய கேள்விகள் இருக்கின்றனவாம். அவற்றை நம் மலாயில் மாற்றி, நமக்குப் புரிகிறதா என்று எங்களிடம் கேட்டுப் பார்க்கிறார்கள். ‘நாலு பேரோடு பழக நோய் இடைஞ்சலா?’ என்று ஒரு கேள்வி. எல்லாரும் ‘இல்லவே இல்லை’ என்றோம். கேள்வி கேட்கிற நர்ஸ், மிஸி ஹஸ்னா, விடவில்லை.

“கல்யாண வீட்டுக்குப் போவீங்களாக்கா?”

“ஏன் போகாம? என்னைக் கூப்பிடாத வீடே இல்ல!”

“போய் என்ன செய்வீங்க?”

“காகிதப் பூ கட்டுவேன்.”

“எல்லா வீட்லயுமா?”

எண்ணிப் பார்த்தேன், எல்லா வீட்டிலும் பூதான். பக்கத்தில் ஜிடின் மாமா, அவருக்கும் இதே நோய், சிரித்தார். “எனக்கு எப்பவும் கார் நிறுத்த எடம் காட்டுற வேலதான், மிஸி. போலீஸ்ல சேந்திருந்தா இந்நேரம் பென்ஷனே வந்திருக்கும்!” எல்லாரும் சிரித்தோம். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

அக்கா, கோபப்படாதீர்கள். சுரயா கல்யாணத்தில் மற்றப் பெண்களோடு பாயில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்க என்னை விடுவீர்களா? ஒரு கூடை போதும். ஒட்டுகிற நோய் இல்லை என்று டாக்டரே சொல்கிறார்.

உங்கள் ஊசு,
மைமூன்

சுங்கை லிமாவ்,
22 மே 1999

ஊசு,

கல்யாண வேலையில் தலை சுற்றுகிறது, அதனால் நாலு வரிதான். வெங்காயத்துக்கு ஆட்களிடம் சொல்லியாகிவிட்டது. எனக்கொன்றுமில்லை, ஊர் வாய் உனக்குத் தெரியாதா? சம்பந்தி வீட்டார் முதல் தடவையாகக் கை நனைக்க வருகிறார்கள். நீ பூவையே பார்த்துக்கொள். சிவப்புக் காகிதம் நிறைய வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்கா

மூவார்,
30 அக்டோபர் 1999

ஊசு, என் குட்டி,

உன் அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கு நெஞ்சுவலி என்று லெமான் போன் செய்ததும் பஸ் ஏறினேன். வந்து சேர்வதற்குள் உன்னை மண்ணில் வைத்துவிட்டார்கள்.

இன்று உனக்காக ஓதி, விருந்து. வெங்காயக் கூடையை எடுத்துக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்காரப் போனேன். பக்கத்து வீட்டு ஸாலேஹா கையைப் பிடித்தாள்.

“அது மைமூன் எடம், பெரியக்கா.”

“அவ இங்க நறுக்குவாளா?”

“ஜூலைல ஒரு நாள் வந்து நின்னா. ‘எனக்கும் ஒரு கத்தி குடுங்கடி’ன்னா. எங்களுக்கு வெக்கமாப் போச்சு, குடுத்தோம். அப்புறம் ஒரு வீடு விடல. வாயும் ஓயாது, கையும் ஓயாது!”

ஜூலை. என் வீட்டுக் கல்யாணம் முடிந்து நீ திரும்பிய அடுத்த மாதம். அயலாரிடம் கேட்டாய், கொடுத்தார்கள். கூடப் பிறந்தவளிடம் கேட்டதற்கு உள் அறை கிடைத்தது. விடைபெறும்போது என் கையை முத்தமிட்டு, “பூ நல்லா இருந்துச்சாக்கா?” என்று கேட்டாய். ஊர் ஒன்றும் சொல்லவில்லை, ஊசு. நான் யாரையும் கேட்கவே இல்லை.

மிஸி ஹஸ்னாவும் வந்திருந்தாள். நீங்கள் எல்லாரும் பேசியதால் ஒரு கேள்வி புதிதாகச் சேர்ந்திருக்கிறதாம். அதிகம் படிக்காதவளுக்கும் புரிகிறதா பார்க்கலாம் என்று எனக்கு வாசித்துக் காட்டினாள். ‘விருந்து வீட்டில் சாப்பாட்டு வேலையிலிருந்து உங்களை யாராவது ஒதுக்கினார்களா?’

“புரியுதா, பெரியக்கா?”

“புரியுது, மிஸி.”

அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க என்னால் ஆகவில்லை.

இதை உன்னிடம் கேட்டு, ‘யார் அது?’ என்றும் கேட்டிருந்தால், என் பேரைச் சொல்லியிருப்பாயா, ஊசு?