மஞ்சள் பலூன் இளைச்ச கதை

அன்புள்ள வாயாடிக்கு,

உன் அப்பன் எழுதுறேன். இங்க நான், உன் அம்மா, உன் தம்பி, அவன் கட்டுற ஏரோப்ளேன் எல்லாரும் சௌக்கியம். அங்க நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும், உன் இருமல் மட்டும் நல்லா இருக்கக் கூடாது. போன்ல லொக்கு லொக்குன்னு இருமிட்டு ஒண்ணுமில்லப்பான்னு சொல்றியே, பாதி செவிடான எனக்கே கேக்குது, டாக்டரைப் போய்ப் பாரு. எழுத்துல தப்பு இருந்தா மாப்பிள்ளைகிட்ட காட்டிச் சிரிக்காதே. நான் பள்ளிக்கூடம் போனதை விட பள்ளிக்கூடத்துலேருந்து ஓடினதுதான் ஜாஸ்தி.

முதல்ல ஒரு சேதி. உன் ரூம் இப்ப உன்னோடது இல்ல. உன் கட்டில்ல இடது இறக்கை கால் நீட்டிப் படுத்திருக்கு, வலது இறக்கை பீரோ மேல சாஞ்சுக்கிட்டு நிக்குது. நீ லீவுக்கு வந்தா ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டே தூங்கலாம். இடது இறக்கைக்கான பெட்ரோல் டேங்க் சாப்பாட்டு மேஜை மேல இருக்கு, நாங்க தட்டை மடியில வச்சுச் சாப்பிடுறோம். இந்த மாதிரி ரெண்டு பேர் உக்கார்ற சின்ன ப்ளேன்ல பெட்ரோல் இறக்கைக்குள்ளதான் நிக்குமாம், இறக்கையோட மூக்குப் பக்கம்தான் டேங்க். மெல்லிசு அலுமினியத் தகடை வளைச்சு, உள்ள விலா எலும்பு மாதிரி குறுக்குத் தகடு வச்சு, ரிவிட் ஆணி ஒவ்வொண்ணையும் பசையில முக்கி முக்கி அடிக்கணும். ஒண்ணு காஞ்சு போய் உள்ள போனாலும் அங்கிருந்து பெட்ரோல் கசியும். அந்தப் பசை இருக்கே, அது ரெண்டு டப்பாவுல வருது, வெள்ளை ஒண்ணு கறுப்பு ஒண்ணு, உன் அம்மாவோட சமையல் தராசுல எடை போட்டுக் கலக்கணும். கலக்கிட்டா கொஞ்ச நேரம்தான் தாங்கும், அப்புறம் இறுகிடும். நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம், பக்கத்து வீட்டுப் பூனை எங்க வீட்டுப் பக்கம் வர்றதையே நிறுத்திடுச்சு. தொட்டா விடாது. கதவுப் பிடியில, சர்க்கரை டப்பாவுல, என் நரைச்ச இடது புருவத்துல எல்லாம் கறுப்பா இருக்கு. உன் தம்பி பாத்துட்டு, அப்பா, பாதி முகத்துக்கு வயசு குறைஞ்சு போச்சு, மீதியையும் பூசிக்கோங்கன்னு சொன்னான். திமிரு பாத்தியா, யாரு புள்ளை!

எல்லா மூலையிலயும் பசையை ஐஸ் குச்சியால வழிச்சு விட்டு, பெட்ரோல் அளவு காட்டுற மிதவை ஒழுங்கா ஆடுதான்னு பாத்து, கடைசியா பின்சுவரை வச்சு மூடினோம். மூடினது மூடினதுதான், தப்பு இருந்தா அத்தனை ரிவிட்டையும் துளை போட்டு எடுத்துப் பிரிக்கணும், தகடும் போச்சு, உழைச்ச உழைப்பும் போச்சு. அதனால காய விட்டு, ஓட்டை ஒடிசல் இருக்கான்னு சோதனை. அடியில ஒரு சைக்கிள் வால்வு மாட்டிக் காத்தடிக்கணும், மேல இருக்கிற குழாய்ல ஒரு பலூன் கட்டணும். பலூன் அப்படியே நின்னா டேங்க் பாஸ், இளைச்சா பெயில். அவ்வளவுதான், இதுக்குப் போய் உன் தம்பி இன்ஜினியரிங் படிச்சிருக்கான். கடையில சிரிக்கிற மூஞ்சி போட்ட மஞ்சள் பலூன்தான் கிடைச்சுது. காலையில கட்டும்போது உன் சித்தப்பா மாதிரி கன்னம் உப்பி இருந்தான். சாயங்காலம் பாத்தா பல்செட்டைக் கழட்டின என் மூஞ்சி மாதிரி தொங்கிப் போய்க் கிடக்கிறான்.

உன் தம்பிக்கு உயிரே போச்சு. வெயில் தணிஞ்சா உள்ள இருக்கிற காத்து சுருங்கும்ப்பான்னு முதல்ல சமாதானம் சொல்லிக்கிட்டான். திரும்பக் காத்தடிச்சோம், மறுநாளும் அதே கதை. டேங்க் முழுக்கச் சோப்புத் தண்ணி பூசிப் பாத்தோம், கசிஞ்சா அங்க குமிழி வரும். நான் கண்ணாடி போட்டுப் பாத்தேன், அவன் டார்ச் அடிச்சுப் பாத்தான், பேருக்கு ஒரு குமிழிகூட வரல. பலூனை மாத்தினோம், மூடியைச் சுத்தி டேப் ஒட்டினோம், சாயங்காலம் ஆனா சிரிச்ச மூஞ்சி அழுமூஞ்சி. புள்ளை சரியாவே சாப்பிடல. ஞாயித்துக்கிழமை டேங்கைப் பிரிச்சுடுறேன், இன்னொரு வாட்டி கட்டத் தெம்பு இருக்கான்னு தெரியலப்பா, பேசாம எல்லாத்தையும் பழைய இரும்புக் கடையில போட்டுடலாம்னு, உன் அம்மா இல்லாத நேரம் பாத்து என்கிட்ட சொன்னான். விளையாட்டுக்குச் சொல்லல, முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது.

சனிக்கிழமை மத்தியானம் அவன் வேலைக்குப் போயிட்டான். நான் தூங்குற மாதிரி குறட்டை விட்டுக்கிட்டே படுத்திருந்தேன், எதுக்குன்னு கேக்காதே, மேல்தட்டுல முறுக்கு டப்பா இருக்கு, உன் அம்மா அசந்தா எடுக்கலாம்னுதான். பாத்தா, அவ அடிமேல அடி வச்சு மேஜைகிட்ட போறா. தலையிலேருந்து கொண்டை ஊசியை எடுத்தா. குனிஞ்சு அந்த வால்வை ஒரு குத்து. புஸ்ஸுன்னு காத்து போகுது, பலூன் இளைக்குது, இவ ஒரு கண்ணைச் சுருக்கி, போதும்னு தோணினதும் ஊசியைத் தலையில சொருகிக்கிட்டுத் திரும்புறா. நான் குறட்டையை நிறுத்திட்டு, என்னம்மா, டேங்குக்கு ஊசி போட்டாச்சான்னு கேட்டேன்.

புருஷன் கீழ விழுந்துடுவான்னு பயந்து பண்றா போலன்னு நினைச்சேன், கொஞ்சம் பெருமையாக் கூட இருந்துச்சு. பயப்படாதேன்னு சொன்னேன். நீங்க விழுந்தா எனக்கென்னன்னு ஒரே போடு போட்டா. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ரெண்டு சீட்டு ரெண்டு சீட்டுன்னு மாசக்கணக்கா பேசுறீங்களே, ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு உங்களுக்குன்னு நீங்களே பிரிச்சுக்கிட்டீங்களே, ஒருத்தராவது என்னை வர்றியான்னு கேட்டீங்களா, பொண்ணை ஏத்தி விட்டேன், இப்ப உங்களையும் ஏத்தி விடணுமா, எல்லாரையும் கீழ நின்னு கையாட்டி அனுப்புறதுதான் என் வேலையான்னு கேட்டா. டேங்கைப் பிரிக்கிற அளவுக்குப் போகும்னு அவளுக்குத் தெரியாது, நாலு நாள் இளைச்சா யாராவது நம்ம பக்கம் திரும்பிப் பாப்பாங்கன்னு நினைச்சிருக்கா.

சாயங்காலம் உன் தம்பி வந்ததும், நான்தான்டா வால்வைத் தெரியாம நோண்டிட்டேன்னு சொல்லிட்டேன். அவன் குதிச்ச குதியில ப்ளேன் இல்லாமலே பறந்திருப்பான். புதுசா வால்வு மாத்தி, புதுசா காத்தடிச்சு, ஒரு வாரம் விட்டோம். பலூன் பயல் கன்னம் குறையாம சிரிச்சுக்கிட்டே நின்னான். அன்னிக்கு மூணு பேரும் இருக்கும்போது, தம்பி, நீ தனியா ஓட்டிப் பழகி முடிச்சப்புறம் முதல்ல உன் அம்மாவை ஏத்திக்கிட்டுப் போன்னு சொன்னேன். எனக்கெதுக்குடா இந்த வயசுலன்னு இழுத்தா. அந்த மூச்சோடயே, கண்ணாடி திறக்குமா, தலைமுடி பறக்குமா, மேலேருந்து அக்கா இருக்கிற திசை தெரியுமான்னு கேட்டா. இப்ப வலது டேங்குக்குப் பசை கலக்குறது அவதான், என்னை டப்பாகிட்டயே சேர்க்க மாட்டேங்கிறா, எடை தப்புமாம்.

கண்ணு, வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைத் திட்டுறதை ராத்திரிக்கு முன்னாடியே முடிச்சுக்கோ, தூக்கம் கெடாது. நீங்க ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம, நினைச்சதெல்லாம் நடந்து, நூறு வயசு இருக்கணும், அதுல பாதியாவது எங்க பக்கத்துல இருக்கணும். கொண்டை ஊசி விஷயம் தம்பி காதுக்குப் போகக் கூடாது, மறந்துடாதே. இன்னொண்ணு, அடுத்த வாரம் வலது டேங்குக்குப் பலூன் கட்டுறோம். ரெண்டாவது தடவை யாரைக் கூட்டிட்டுப் போறதுன்னு இதுவரைக்கும் இந்த வீட்டுல ஒருத்தரும் வாய் திறக்கல. பலூன் இளைச்சுதுன்னு தம்பி போன் பண்ணினா பதறாதே, அப்பாவை வர்றீங்களான்னு கேட்டியாடான்னு மட்டும் கேளு. உன் அம்மாவோட கொண்டை ஊசி டப்பாவுலேருந்து ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
கீழ நிக்கிற உன் அப்பன்